மடித்து வைத்த டவலில் கருகல் வாடை

கேள்வி: ஐயா, கோவையில் பியூட்டி பார்லர் நடத்தி வருகிறேன். சென்ற ஆண்டு அதோடு ஸ்பாவும் சேர்த்தோம். இரண்டு அறைகளில் எண்ணெய் மசாஜ் நடக்கிறது. ஒரு நாளைக்கு அறுபது, எழுபது டவல் துவைக்க வேண்டியிருக்கிறது. கட்டட உரிமையாளர் மொட்டை மாடியில் துணி காயப்போட விடுவதில்லை. அதனால் டிரையர் வாங்கினோம். இடம் இல்லாததால் பின்பக்க ஸ்டோர் ரூமில் வைத்து, அதன் சூடான காற்று போக ஒரு பிளாஸ்டிக் ஸ்பிரிங் பைப்பை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கொண்டுபோய்ப் பின்சுவரில் விட்டிருக்கிறார்கள். சுமார் 25 அடி நீளம், நான்கு இடத்தில் வளைகிறது. எலியும் பல்லியும் வரக்கூடாது என்று வெளிவாயில் கொசுவலை கட்டியிருக்கிறோம்.

முன்பெல்லாம் முக்கால் மணி நேரத்தில் காய்ந்த டவல் இப்போது ஒன்றரை மணி நேரம் எடுக்கிறது. மெஷினின் மேல்தட்டில் கை வைக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் வடிகட்டியில் பஞ்சை எடுத்துவிடுகிறோம். பிறகும் ஏன் இப்படி? பைப்பை எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்? நாங்களே செய்யலாமா? மெஷினே சரியில்லை, விற்றுவிடலாம் என்கிறார் என் கணவர். இன்னொன்று: போன வாரம் காலையில் கடையைத் திறந்தபோது டவல் அலமாரியில் லேசாகக் கருகல் வாடை வந்தது. முந்தின இரவு மடித்து அடுக்கிய டவல்களில் நடுவில் இருந்த நான்கைந்து மஞ்சளாகி, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தன. இஸ்திரி போட்டது அதிகமாகிவிட்டதோ என்று விட்டுவிட்டோம். 
— வாசகி, கோவை

பதில்: அம்மா, நீங்கள் கேட்டது பைப்பைப் பற்றி. அதற்கு விவரமாகவே பதில் சொல்கிறேன். ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த அலமாரி விஷயம், அதுதான் இந்தக் கடிதத்திலேயே பெரிய விஷயம். முந்தின இரவு அடுக்கிய டவல் காலையிலும் சூடாக இருந்தது என்றால் அது இஸ்திரிச் சூடு இல்லை. இஸ்திரிச் சூடு ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும். இரவு முழுக்க அந்த அடுக்கின் நடுவே சூடு புதிதாக உண்டாகிக்கொண்டே இருந்திருக்கிறது. இன்னும் சில மணி நேரம் போயிருந்தாலோ, அடுக்கு இன்னும் உயரமாக இருந்திருந்தாலோ தீயே பிடித்திருக்கும். இதைப் படித்ததும் முதல் வேலையாக அலமாரியில் உள்ள எல்லா டவலையும் வெளியே எடுத்துப் பிரித்துப் போடுங்கள். மூக்கருகே வைத்துப் பாருங்கள். காறல் எண்ணெய் வாடை அடிப்பதையும், மஞ்சள் பூத்ததையும், விறைத்து மொடமொடப்பாக இருப்பதையும் தனியே ஒதுக்குங்கள். அவற்றை மறுபடி டிரையரில் போடவே கூடாது.

யாரும் பற்றவைக்காமல் துணி எப்படி எரியும் என்று நீங்கள் கேட்கலாம். எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளிவருகிறது. கிண்ணத்தில் இருக்கும் எண்ணெயில் மேற்பரப்பு மட்டும்தான் காற்றைத் தொடுகிறது, அதனால் ஒன்றும் தெரிவதில்லை. அதே எண்ணெய் டவலின் ஒவ்வொரு நூலிலும் மெல்லிய படலமாகப் படிந்திருந்தால், காற்றைத் தொடும் பரப்பு பல மடங்கு கூடிவிடுகிறது. கொடியில் தொங்கும் துணியென்றால் உண்டாகிற வெப்பம் அப்போதைக்கப்போதே காற்றோடு போய்விடும். மடித்து அடுக்கினால் நடுவில் உள்ள வெப்பத்துக்குப் போக்கிடம் இல்லை. சூடு ஏற ஏற அந்த வினை வேகமெடுக்கும், வேகமெடுக்க எடுக்க இன்னும் சூடேறும். டிரையரிலிருந்து கொதிக்கக் கொதிக்க எடுத்து உடனே மடித்து வைத்தால், இந்த ஓட்டத்தை நாமே பாதித் தூரம் தள்ளிவிட்டது போல ஆகிறது. மெஷினை நிறுத்தி, கடையைப் பூட்டி, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் பெரும்பாலும் தீ வெளியே தெரியும். மின்கசிவு என்று பழி போவதும் அதனால்தான்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பெரிய சான்று இருக்கிறது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்தின் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில் 1991 பிப்ரவரி 23 அன்று தீப்பிடித்தது. 22-ஆம் மாடியில் மரவேலைக்கு மெருகு போட்டவர்கள் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தீ அந்தத் துணிகளில் தானாகத் தொடங்கியது. எட்டு மாடிகள் எரிந்தன, தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் உயிரிழந்தார்கள். தண்ணீர் தெளிப்பான்கள் பொருத்தியிருந்த 30-ஆம் மாடிக்கு வந்த பிறகே நெருப்பு அடங்கியது. அங்கே டிரையர் எதுவும் இல்லை, துணியும் எண்ணெயும் மட்டும்தான்.

எல்லா எண்ணெயும் ஒன்றுபோல இல்லை. எண்ணெய் எவ்வளவு எளிதாக ஆக்சிஜனோடு சேரும் என்பதை அதன் ‘அயோடின் எண்’ என்ற அளவை வைத்து ஓரளவு மதிப்பிடலாம். தேங்காய் எண்ணெய்க்கு அது 10-ஐ ஒட்டித்தான் இருக்கும். விளக்கெண்ணெய்க்கு 80-க்கு மேல், நல்லெண்ணெய்க்கு 100-க்கு மேல், சூரியகாந்தி எண்ணெய்க்கு 120-ஐ ஒட்டியும் அதற்கு மேலும், ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கும் மேல். ஆகவே தேங்காய் எண்ணெய் தோய்ந்த டவலைவிட நல்லெண்ணெய் தோய்ந்த டவல் ஆபத்தானது. ஸ்பாக்களில் அதிகம் புழங்கும் தன்வந்தரம், க்ஷீரபலா போன்ற தைலங்களுக்கு அடிப்படை நல்லெண்ணெய்தான். திராட்சை விதை, சூரியகாந்தி எண்ணெய்களை அடிப்படையாகக் கொண்ட வெளிநாட்டு மசாஜ் எண்ணெய்களும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவை. லிக்விட் பாரஃபின் கலந்த பேபி ஆயில் தானாகச் சூடேறாது. ஆனால் தீப்பொறி பட்டால் அதுவும் நன்றாகவே எரியும். தேங்காய் எண்ணெய் மட்டும்தான் பயன்படுத்துகிறோம், எங்களுக்குப் பயமில்லை என்று யாரும் இருந்துவிட வேண்டாம். ஒரே வாஷிங் மெஷினில் எல்லா டவலும் கலக்கின்றன, எண்ணெய்களும் அப்படியே கலந்துவிடுகின்றன.

துவைத்த பிறகும் எண்ணெய் எப்படி மிஞ்சுகிறது? நம் ஊரில் பெரும்பாலான மெஷின்கள் பச்சைத் தண்ணீரில்தான் ஓடுகின்றன. பச்சைத் தண்ணீரும் ஒரு மூடி லிக்விடும் வியர்வைக்குப் போதும், தைலத்துக்குப் போதாது. ஸ்பா டவலைக் குறைந்தது 60 டிகிரி வெந்நீரில், நல்ல டிடர்ஜென்ட் பவுடரோடு துவைக்க வேண்டும். ஹீட்டர் இல்லாத மெஷின் என்றால் வாஷிங் சோடா கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு மெஷினில் போடுங்கள். மெஷினைத் திணிக்கத் திணிக்க நிரப்பினால் வெந்நீரும் வீண். துவைத்ததும் முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாடை இருந்தால் இன்னொரு முறை துவைக்க வேண்டும், காய வைப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். எத்தனை தடவை துவைத்தாலும் வாடை போகாத டவலுக்கு ஆயுள் முடிந்துவிட்டது. நல்ல டவல் விலை தெரியும், மனசு வராது என்பதும் தெரியும். இருந்தாலும் கழித்துவிடுங்கள்.

இதைவிட நல்ல வழி, டவலுக்கு எண்ணெயைப் போக விடாமல் இருப்பது. மசாஜ் முடிந்ததும் உடம்பில் மிஞ்சிய எண்ணெயை முதலில் டிஷ்யூ பேப்பராலோ பழைய வேட்டித் துணியாலோ துடைத்தெடுக்கச் சொல்லுங்கள். பயத்தமாவு தேய்த்துக் குளித்துவிட்டு வந்தவருக்கு மட்டும் வெள்ளை டவல். எண்ணெய் துடைத்த துணியை மூடியுள்ள இரும்புத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, அன்றன்றைக்கு அப்புறப்படுத்துங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி மூலையில் வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இனி டிரையருக்கு வருவோம். நல்ல டிரையர் எதுவாக இருந்தாலும் ஓட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் ஹீட்டரை நிறுத்திவிட்டு வெறும் காற்றை மட்டும் விட்டுத் துணியை ஆற்றும். அவசரத்துக்கு நடுவில் கதவைத் திறந்து டவலை எடுத்தால் ஆறும் நேரம் போய்விடும். ஸ்பாக்களில் இது தினமும் நடக்கிறது. அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்கிறார், சூடான டவல் கையில் கிடைத்தால் நல்லதுதானே என்று எடுத்துவிடுகிறார்கள். உடனே பயன்படுத்தப் போகும் ஒன்றிரண்டைத் தவிர மற்றதை முழுமையாக ஆற விடுங்கள். எடுத்ததும் மேசையில் பரப்பி, உள்ளங்கையை வைத்தால் சூடு தெரியாத வரை மடிக்கக் கூடாது. அடுக்கும்போதும் பத்துக்கு மேல் ஒரே அடுக்காக வேண்டாம், அலமாரிக் கதவு காற்றோட்டமான ஜாலிக் கதவாக இருக்கட்டும்.

மின்தடை நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். டிரையர் உச்சச் சூட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டிரம் நின்றுவிடும், காற்றாடியும் நின்றுவிடும். எண்ணெய்ச் சாயல் உள்ள இருபது டவல் 60, 70 டிகிரிச் சூட்டில் ஒரே குவியலாக மூடிய பெட்டிக்குள் கிடக்கும். கரண்ட் வரட்டும், மிச்சத்தை ஓட்டிக்கொள்ளலாம் என்று அப்படியே விடுவதுதான் வழக்கம். சில நாள் இரவில் கரண்ட் வருவதற்குள் கடையையே பூட்டிவிடுவார்கள். கரண்ட் போனால் முதல் வேலையாக ஸ்விட்சை அணைத்துவிட்டு டவல்களை வெளியே எடுத்து விரித்துப் போட வேண்டும். உங்கள் கடையில் துவைக்கும் பொறுப்பில் இருப்பவருக்கு இந்த ஒரு பழக்கத்தை மட்டுமாவது கட்டாயமாகக் கற்றுக் கொடுங்கள்.

பைப் விஷயம். கோவைக்காரர்களுக்குப் பஞ்சைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸ்பின்னிங் மில்லில் ப்ளோ ரூமில் வேலை பார்த்தவர் யாரைக் கேட்டாலும் பஞ்சுத் தூசி எப்படிக் குபீரென்று பற்றும் என்று சொல்வார். டவலிலிருந்து டிரையரில் உதிர்வதும் அதே பருத்தித் தூசிதான். ஒவ்வொரு ஓட்டத்திலும் வடிகட்டி அதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும், எல்லாவற்றையும் பிடிக்காது. தப்பியது ஈரக் காற்றோடு பைப்புக்குள் போகிறது. உங்கள் பைப் ஸ்பிரிங் பைப் என்பதால் உள்ளே ஒவ்வொரு மடிப்பும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வளைவில் இன்னும் அதிகமாகச் சேரும். உங்கள் டவலில் எண்ணெயும் இருப்பதால் அந்தத் தூசி பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்கிறது, காற்று வேகத்தில் கழன்று போவதில்லை.

கடைசியில் அது கொசுவலைக்கு வந்து சேர்கிறது. இந்த வலையைத்தான் நான் பல கடைகளில் பார்க்கிறேன். வெளியே நின்று பார்த்தால் வலை கட்டியிருப்பதே தெரியாது. சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு ஒட்டினாற்போல ஒரு விரல் கனத்துக்குப் பஞ்சு அப்பியிருக்கும். உரித்தால் ஒரே பாளமாகக் கையோடு வரும், உட்புறம் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருக்கும். காற்று போக வழியே இல்லை. போகாத காற்று மெஷினுக்குள் சூட்டைத் தேக்குகிறது. ஈரமும் வெளியேறாததால் டவல் காய மாட்டேன் என்கிறது. முக்கால் மணி நேரம் ஒன்றரை மணி நேரம் ஆனது இதனால்தான், மேல்தட்டில் கை வைக்க முடியாததும் இதனால்தான். வலையை இன்றைக்கே கழற்றுங்கள். அதற்குப் பதிலாக, காற்று வரும்போது திறந்து, காற்று நின்றதும் தானாக மூடிக்கொள்ளும் மடல் உள்ள மூடியைப் பொருத்தச் சொல்லுங்கள். எலியும் பல்லியும் அதற்குள் எளிதில் வராது. அந்த மடலில் புறா கூடு கட்டுகிறதா, குளவி மண் வைத்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

25 அடியும் நான்கு வளைவும் அதிகம். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் வீட்டு டிரையர்களுக்கான கட்டட விதியில் பைப் 35 அடிக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு முழு வளைவுக்கும் அதிலிருந்து 5 அடியைக் கழித்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு நான்கு வளைவு என்றால் 20 அடி கழிந்து, அனுமதி 15 அடிதான். நீங்கள் 10 அடி கூடுதலாகப் போயிருக்கிறீர்கள். உங்கள் மெஷினோடு வந்த கையேட்டில் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை ஓடும் வீட்டு மெஷினுக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், காலையிலிருந்து இரவு வரை ஓடும் கடை மெஷினுக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் யோசனை, டிரையரை ஸ்டோர் ரூமின் வெளிச்சுவரை ஒட்டி நகர்த்துங்கள். சுவரில் நேராக ஓட்டை போட்டு, நான்கு அங்குல விட்டமுள்ள வழவழப்பான ஜி.ஐ. அல்லது அலுமினியக் குழாயை ஒரே ஒரு வளைவோடு வெளியே விடுங்கள். பிளாஸ்டிக் பைப் வேண்டவே வேண்டாம். உள்ளே பஞ்சு பற்றினால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரிந்து, உருகிச் சொட்டும். உங்களுடையது ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஓடுகிறது. அங்கே தீப்பிடித்தால் கீழே இருப்பவர்களுக்குத் தெரிவதற்குள் கூரை முழுக்கப் பரவியிருக்கும். குழாய் இணைப்புகளில் ஸ்க்ரூ அடிக்க விடாதீர்கள். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்க்ரூ முனையில்தான் முதல் பஞ்சு மாட்டும். அலுமினிய ஃபாயில் டேப் ஒட்டினால் போதும், துணி டேப் சூட்டில் கழன்றுவிடும். பாத்ரூம் எக்ஸாஸ்டோடு இந்தக் குழாயைச் சேர்ப்பதும் கூடாது.

வெளிச்சுவரே கிடைக்காத இடமென்றால் ஹீட் பம்ப் டிரையர் வாங்கலாம். அதற்கு வெளியே போகும் பைப் தேவையில்லை, குறைந்த சூட்டில் ஓடும். காய நேரம் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும், விலையும் அதிகம். அதிலும் வடிகட்டியைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும், எண்ணெய் டவல் ஆபத்தும் அப்படியேதான் இருக்கும். கேஸில் ஓடும் பெரிய டிரையர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: பைப் அடைத்தால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பும். அதற்கு வாடையே கிடையாது.

வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடைக்கிறோம் என்கிறீர்கள், நல்லது. ஒரு சோதனை செய்து பாருங்கள். பஞ்சை எடுத்த பிறகு அந்த வலையின் மேல் குழாய்த் தண்ணீரைப் பிடியுங்கள். தண்ணீர் ஒழுகாமல் மேலேயே நின்றால் வலைக் கண்களை எண்ணெயும் ஃபேப்ரிக் கண்டிஷனரும் அடைத்திருக்கின்றன என்று அர்த்தம். கண்ணுக்குச் சுத்தமாகத்தான் தெரியும். மென்மையான பிரஷால் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஸ்பா டவலுக்கு ஃபேப்ரிக் கண்டிஷனரே தேவையில்லை என்பது என் கருத்து.

பைப்பை நீங்களே சுத்தம் செய்யலாமா என்று கேட்டீர்கள். நேரான, குட்டையான குழாய் என்றால் தாராளமாகச் செய்யலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினை முன்னால் இழுத்து, பின்னாலுள்ள இணைப்பைக் கழற்றுங்கள். நீளக் கம்பியில் கோத்த வட்ட பிரஷை இரண்டு பக்கமிருந்தும் விட்டுத் தேய்த்து, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். விளக்குமாற்றுக் குச்சியை விட்டுக் குடைந்தால் அது முறிந்து உள்ளேயே நின்று அடுத்த அடைப்புக்கு இடம் கொடுக்கும். மெஷினுக்குப் பின்னாலும் அடியிலும் தரையில் கிடக்கும் பஞ்சையும் கூட்டி எடுங்கள். மாட்டிவிட்டு மெஷினை ஓட்டி, வெளியே போய் மூடிக்கு முன்னால் கையைப் பிடித்தால் காற்று பலமாக அடிக்க வேண்டும். உங்கள் அளவுக்கு ஓடும் கடைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பைப், மாதம் ஒருமுறை மெஷினின் பின்பக்கம், ஆண்டுக்கு ஒருமுறை மெக்கானிக்கை வைத்து உட்புறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்த மறுநாள் ஒரே எண்ணிக்கை டவல் காய எத்தனை நிமிடம் ஆகிறது என்று சுவரில் எழுதி வையுங்கள். அதைவிடப் பதினைந்து நிமிடம் கூடினால், மூன்று மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

உட்புறத்தை ஏன் சொல்கிறேன் என்றால், வடிகட்டியைத் தாண்டிய பஞ்சு மெஷினுக்குள்ளேயே ஹீட்டருக்கு அருகிலும் சேரும். பிரிட்டனில் 2004 ஏப்ரல் முதல் 2015 செப்டம்பர் வரை தயாரான ஹாட்பாயிண்ட், இண்டெசிட் உள்ளிட்ட சில டிரையர்களில் பஞ்சு ஹீட்டரைத் தொட்டுத் தீப்பிடிக்கும் குறை இருந்தது. லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 2016 ஆகஸ்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு அப்படிப்பட்ட ஒரு டிரையரால்தான் எரிந்தது. 2019-இல் அந்த மெஷின்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஆனால் குறையுள்ள மெஷின் என்பது எப்போதாவது நடப்பது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரை வீடுகளில் நடந்த டிரையர் தீவிபத்துகளைக் கணக்கெடுத்தது. ஆண்டுக்குச் சுமார் 2,900 தீவிபத்துகள், அவற்றில் 34 சதவீதத்துக்குக் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டது. உங்கள் கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மெஷினை விற்றுவிட்டு அதே பைப்பில் புது மெஷினை மாட்டினால் ஆறு மாதத்தில் இதே கடிதத்தை மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

பார்லர் பக்கத்துக்கும் இரண்டு வார்த்தை. நெயில் பாலிஷ் துடைக்கும் அசிட்டோன், ஸ்பிரிட், ஹேர் ஸ்ப்ரே இவை பட்ட துணி டிரையருக்குள் போகவே கூடாது. அசிட்டோனின் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி குளிரில்கூடப் பற்றக்கூடியது. அந்தத் துணியைக் காற்றில் நன்றாக உலர விட்டுத் தனியாகத் துவையுங்கள். ரப்பர் அடிப்பாகம் கொண்ட மேட், ஸ்பான்ஜ் தலையணை இவற்றையும் டிரையரில் போட வேண்டாம். அரோமா விளக்கு, மெழுகுவத்தி, மாலையில் காட்டும் சாம்பிராணித் தூபம் எதுவும் ஸ்டோர் ரூம் பக்கம் வரக் கூடாது. டிரையருக்குத் தனி 16 ஆம்பியர் பிளக், தனி எம்.சி.பி., எர்த் இணைப்பு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகி ஓட்டும் கடைகளை இன்னும் பார்க்கிறேன். இரண்டு கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும் மெஷினை மணிக்கணக்கில் தாங்கும் போர்டு அது இல்லை.

கடையை மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கடைசி ஓட்டம் முடிந்திருக்க வேண்டும். டிரையரை ஓடவிட்டுப் பூட்டிக்கொண்டு போகக் கூடாது. மடித்த அடுக்கை ஒரு முறை நடுவில் கைவிட்டுப் பார்த்துவிட்டு விளக்கை அணையுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பல ஸ்பாக்களில் வெளியூரிலிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் வந்த பெண் பிள்ளைகள் இரவில் கடையின் பின்னறையிலேயே தங்குகிறார்கள். பாதுகாப்புக்கு என்று முன் ஷட்டரை வெளியிலிருந்து பூட்டிவிடுவதும் உண்டு. அந்தப் பின்னறைக்குப் பக்கத்தில்தான் டிரையரும் டவல் அலமாரியும் இருக்கும். துணி புகைந்து புகைந்து எரியும்போது தூங்குகிறவரை எழுப்புவதற்கு முன்பே புகை மயக்கிவிடும். உங்கள் கடையில் யாராவது தங்குகிறார்கள் என்றால் அவர்களுக்கு வேறு இடம் பாருங்கள். அது ஏற்பாடாகும் வரையிலாவது உள்ளிருந்து திறக்கக்கூடிய கதவும், ஸ்டோர் ரூமில் ஒரு புகை அலாரமும் வையுங்கள். அலாரத்தின் விலை ஒரு ஃபேஷியலின் கட்டணம்கூட வராது.

ஒருவேளை மெஷினுக்குள் தீ தெரிந்தால் கதவைத் திறக்காதீர்கள். திறந்தால் காற்று புகுந்து தீ பெருகும். எம்.சி.பி.யை அணைத்து, எல்லோரையும் வெளியே அனுப்பி, 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். அலமாரியில் டவல் அடுக்கு புகைந்தால் அதைத் தூக்கிக்கொண்டு கடை வழியாக ஓடாதீர்கள். பிரிந்ததும் காற்றுப் பட்டு கையிலேயே எரியும். ஸ்டோர் ரூமுக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்தில் ஏ.பி.சி. பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்று மாட்டி, முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதாமாதம் பாருங்கள். பவுடர் மேலேயுள்ள சுவாலையை அணைக்கும். துணி அடுக்கின் உள்கனல் அதற்கு அடங்காது, மறுபடி பற்றும். மின்சாரத்தை நிறுத்திய பிறகு அதைத் தண்ணீரால் முழுக்க நனைத்தால்தான் அடங்கும். தீ உங்கள் இடுப்பு உயரத்தைத் தாண்டினால் எதையும் முயலாமல் வெளியேறிவிடுங்கள்.

உங்கள் மெஷின் பழுதானது என்று சொல்ல உங்கள் கடிதத்தில் எந்த அறிகுறியும் எனக்குத் தெரியவில்லை. விற்க வேண்டாம். பைப்பை மாற்றி, மெக்கானிக் உட்புறத்தைச் சுத்தம் செய்து கொடுக்கும் வரை அதை ஓட்டாதீர்கள். அதுவரை டவலை வெளியே லாண்டரிக்குக் கொடுங்கள், அவர்களிடமும் இது எண்ணெய் டவல் என்று மறக்காமல் சொல்லிக் கொடுங்கள்.